உழவரை விலக்கி ஊரைக் காக்க முடியுமா?

வேங்கிக்கால் என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ நமக்கு வாய்க்காலை நினைவூட்டுகிறது. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நிற்கிறது. சுற்றிலும் வீட்டுமனைகள் பெருகிவிட்டன. ஏரியைக் காப்போம் என்னும் குரல் எழும்போதெல்லாம் மரக்கன்றும் பதாகையும் வருகின்றன. உழவரை யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் கைதட்டுவதற்கே அழைக்கின்றனர்.

“நிலத்தைக் கெடுத்தவரே உழவர், அவரிடமா ஒப்படைப்பது?” என்று நம் பொதுநிலையினருள் கற்றோர் சிலர் கேட்கின்றனர். இதில் பாதி உண்மை உண்டு. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரியை மறந்தோரும், வரத்துக்காலை வயலோடு சேர்த்துக்கொண்டோரும் உளர். ஆனால் அம்மறதி எங்கே தொடங்கியது? கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றை ஊரார் கூடிச் செப்பனிட்டதே குடிமராமத்து. ஆங்கில ஆட்சியில் ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்கு மாறின. பொறுப்பைப் பறிகொடுத்தவர் அக்கறையையும் மெல்ல இழந்தார். பாசன மேலாண்மையில் விவசாயிகள் பங்கேற்க 2000-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து மீண்டும் அறிவிக்கப்பட்டது. எனினும் விவசாயிகளின் பெயரால் ஒப்பந்தக்காரரே வேலை செய்தனர் என்ற புகார்கள் எழுந்தன. பெயரைக் கடன் வாங்குவது பங்கேற்பு ஆகாது.

இதே மாவட்டத்தில், செய்யாற்றை அடுத்த மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தர மறுத்து மக்கள் போராடினர். அவர்களுள் எழுவர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது; கண்டனம் எழுந்தபின் அறுவர்மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினையாதிருக்க இயலுமா? ஆகாபு நல்ல விலைதான் பேசினான். நாபோத்துக்கோ அது விலைப்பொருள் அன்று, முன்னோர் விட்டுச்சென்ற பொறுப்பு.

சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-இலேயே திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கற்பித்தார். திட்டம் தீட்டும் மேசையில் அவ்விடத்து மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். உழவர் என்னும்போது பட்டா உடையவரை மட்டும் எண்ணலாகாது. மடை திறந்த நீர்க்கட்டியும் நாற்று நட்ட பெண்களும் நிலமின்றியே நிலத்தை அறிந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு அமைக்கும் குழு, பழைய சாதிப் படிநிலையைப் புதிய பெயரில் நிறுவுவதாகவே முடியும்.

அரசைக் குறை கூறுமுன் நம் முற்றத்தையும் பார்ப்போம். பங்கின் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும் விற்கும்போதும், அதை உழுபவரின் கருத்தைக் கேட்கிறோமா? பொங்கலன்று புத்தரிசியை மந்திரிக்கும் நாம், அது விளைந்த வயலின் வரப்பில் என்றேனும் நடந்ததுண்டா? வரும் ஐப்பசி மழைக்கு முன், பங்குப் பேரவையினர் ஊர்ப் பெரியவர்களோடும் கூலித் தொழிலாளரோடும் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எங்கே அடைப்பு, யார் அடைத்தது என்பதை அவர்கள் சொல்வார்கள். கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.