மௌனம் காத்த ஆசிரியர்



கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 1969-ஆம் ஆண்டு 20 மாணவர்களைக் கொண்டு புதியதொரு கல்விமுறையைத் தொடங்கிற்று. விரிவுரைக்கு மாறாக நோயாளி ஒருவரின் துன்பமே அங்கே முதற்பாடம். சான்றாக, இவரது நெஞ்சுவலிக்குக் காரணம் யாது? சிறு குழுவாய் அமர்ந்த மாணவர், தாம் அறியாதது எது என்பதைத் தாமே கண்டு, தேடிக் கற்று, மீண்டும் கூடி ஆராய்ந்தனர். உடனிருந்த ஆசிரியர் விடையை உரைக்கவில்லை, வினாக்களையே தொடுத்தார்.

அடிப்படை அறிவு குன்றியோர் இம்முறையில் தடுமாறுவர் என்பாரும் உளர், அது பொய்யன்று. ஆயினும் குறிப்பேட்டை மனனம் செய்தே தேர்வில் தேறிய நமக்கு, அவ்வாசிரியரின் மௌனம் எத்துணைக் கடினம் என்பது விளங்குகிறது. பிள்ளை சிந்தித்து முடிக்குமுன் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். நேரமில்லை என்பது நம் சாக்கு. நேற்று உங்கள் இல்லத்தில் வீட்டுக் கணக்கைப் போட்டு முடித்தது பிள்ளையா, நீங்களா?