வருவாய் வந்த வழி

மறுமை நாளில் மனிதன் தன் செல்வத்தைக் குறித்து இரண்டு கேள்விகளுக்கு விடை கூறாமல் ஓரடியும் நகர இயலாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நம்மில் பலர் ஆயத்தமாகவே இருக்கிறோம். ஜகாத் கொடுக்கிறோம், ஏழைக் குமர்களின் திருமணத்திற்கு உதவுகிறோம், பள்ளிவாசல் கட்ட மனமுவந்து தருகிறோம். முதற்கேள்வி எழும்போதுதான் நா தடுமாறுகிறது.

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்து இல்லங்களில் அந்த முதற்கேள்வி இன்று புதுக்கோலம் பூண்டு நிற்கிறது. இங்கே பொறியியல் பயின்ற பிள்ளை கனடாவில் பணிபுரிகிறான். மாதந்தோறும் மிச்சமாகும் பணத்தை அந்நாட்டு வங்கிகளின் பங்குகளில் முதலிடலாமா என்று கேட்கிறான். "வட்டிக்கா கொடுக்கிறேன், வாப்பா? லாபத்தில் பங்குதானே பெறுகிறேன்!" என்பது அவன் வாதம். ஊரிலிருக்கும் தந்தைக்கும் இவ்வழி அடைபட்டதன்று. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் நிதியாண்டொன்றுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டிற்கு அனுப்பி முதலீடு செய்யலாம். ஆகவே இது ஒரு பிள்ளையின் ஐயம் மட்டுமன்று. குடும்பமே கூடி முடிவு காண வேண்டிய செய்தி.

அப்பங்குகளின் கவர்ச்சியை நாம் மறைக்கவில்லை. 1817இல் தோன்றிய மாண்ட்ரியால் வங்கி, 1829 முதல் ஓராண்டும் தவறாமல் லாப ஈவு வழங்கி வருகிறது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் வீழ்ந்தபோது, கனடாவில் ஒரு வங்கியும் வீழவில்லை. ஓய்வுக்காலத்தை எண்ணிக் கலங்கும் ஒரு குடும்பத்திற்கு இத்தகைய வரலாறு ஆறுதலளிப்பது இயல்பே.

ஆயினும், உறுதியாக வரும் வருவாய் எல்லாம் தூய வருவாய் ஆகிவிடுமா?

பங்கு என்பது வெறும் காகிதமன்று, அது உடைமை. வங்கியில் பணம் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கியவரோ வங்கியின் உரிமையாளர்களில் ஒருவர். குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று, கூடிய வட்டிக்குக் கடன் கொடுத்து, இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஈட்டுவதே வங்கித் தொழிலின் அடிப்படை. லாப ஈவின் பெரும்பகுதி பிறப்பது அங்கேதான். மதுக்கடையில் கூட்டுச் சேர்ந்தவர், "நான் குடிப்பதில்லையே, லாபத்தில் பங்குதானே பெறுகிறேன்!" என்று சொன்னால் நாம் ஏற்போமா? கூட்டு வாணிபம் என்ற வடிவம் சரியானதே. கூட்டாக நடத்தப்படும் தொழில்தான் தடுக்கப்பட்டது.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 275ஆம் வசனம், வாணிபத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்குகிறது. வட்டியை உண்பவர் மட்டுமன்றி, கொடுப்பவரும் கணக்கெழுதுபவரும் இரு சாட்சிகளும் குற்றத்தில் சமமே என நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கணக்கெழுதுபவருக்கே இந்நிலை என்றால், கடையின் சொந்தக்காரருக்கு என்ன நிலை? 1992ஆம் ஆண்டு மே மாதம் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, வட்டித் தொழில் போன்ற விலக்கப்பட்டவற்றை முதன்மை நோக்காகக் கொண்ட நிறுவனங்களில் பங்கு சேர்வது கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை எனத் தீர்மானித்தது.

மாற்றுக் கருத்தே எழவில்லையா எனில், வங்கி வட்டியைக் குறித்து எழுந்ததுண்டு. வைப்புத்தொகைக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வருவாய் பெறுவது ஆகும் என 2002இல் கெய்ரோவின் அல்அஸ்ஹர் ஆய்வுப் பேரவை கூறியது. ஆயினும் உலமாப் பெருமக்களில் மிகப் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஐயமுள்ளதை விட்டு ஐயமற்றதை நாடுமாறு நபிகளார் (ஸல்) காட்டிய வழியே நமக்குப் பாதுகாப்பு.

உலகக் கணக்கிலும் அந்த உறுதிக்கு எல்லையுண்டு. அதே கனடாவில் 1985ஆம் ஆண்டு ஆல்பர்ட்டா மாநிலத்தின் இரு வங்கிகள் மூடப்பட்டன. 2024 அக்டோபரில், அந்நாட்டின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றான டி.டி. வங்கி, கள்ளப்பணப் புழக்கத்தைத் தடுக்கத் தவறிய வழக்கில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 300 கோடி டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. நம் தமிழகத்தின் பாடம் இதனினும் கசப்பானது. 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது. பணம் போட்டவர்களின் தொகை காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் முதலோ முற்றிலும் இல்லாமற் போயிற்று.

அப்படியானால் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதா? இல்லை. மார்க்கம் அதனையும் விரும்பவில்லை. அன்னை கதீஜா (ரலி) தம் சரக்கை ஷாம் நாட்டிற்குப் பெருமானாரிடம் கொடுத்தனுப்பியது, முதலும் உழைப்பும் கைகோத்த வாணிபமன்றோ? குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் பதனிடும் ஆலையால் வந்தது. தோல் வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட தமிழ் முஸ்லிம்கள் லாப நட்டத்தில் பங்கேற்கும் கூட்டு முறையை நன்கறிவர்.

பங்குச் சந்தையிலும் ஆய்ந்து செல்ல வழியுண்டு. தொழில் ஆகுமானதாக இருத்தல், வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டிற்குள் அடங்குதல், தகாத வருவாய் 5 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் என்று பஹ்ரைனிலுள்ள நெறிமுறை அமைப்பு அளவுகோல் வகுத்துள்ளது. அந்தச் சிறு தகாத பகுதியையும் கணக்கிட்டு விலக்கிவிட வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையில் 2010இலேயே ஷரீஅத் குறியீடு தொடங்கப்பட்டது. இத்தகைய அளவுகோல்களில் வட்டி வங்கிகள் தொடக்கத்திலேயே நீங்கிவிடுகின்றன.

ஆனால் 'ஹலால்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு மயங்குவதும் தவறு. பெங்களூரில் ஹலால் லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கதவடைத்தபோது, கண்ணீர் வடித்தவை பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள். தொழில் என்ன, கணக்கு எங்கே, கண்காணிப்பவர் யார் என்று கேளாமல் கொடுப்பது ஈமானின் அடையாளமன்று, கவனமின்மையின் அடையாளம்.

ஏற்கெனவே வங்கிப் பங்கு வாங்கியவர்கள் மனம் சோர வேண்டாம். விலகிக்கொண்டவருக்கு அவருடைய முதல் உண்டு என்று திருமறை ஆறுதல் கூறுகிறது. பங்கை விற்று முதலை மீட்டுக்கொள்ளுங்கள். பெற்ற ஈவையும் விலையேற்றத்தையும் என்ன செய்வதென்று, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமிடம் பணமில்லை. அவருடைய தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தம் சம்பாத்தியத்திலேயே அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார். அத்தகைய வளையல்கள் இன்றும் எத்தனையோ வீடுகளிலிருந்து அடகுக்குப் போகின்றன. கொடுக்கும் கைகள் ஒருபுறம். வட்டியை எண்ணி வாங்கும் கைகள் மறுபுறம். கடல் கடந்த ஊராயினும், வங்கிப் பங்கு வாங்குபவர் அந்த மறுபுறத்தில்தான் சென்று அமர்கிறார்.

மகனுக்கு விடை எழுதும் தந்தை இதனை எழுதட்டும். வருவாய் சற்றுக் குறைந்தாலும், கேள்வி கேட்கப்படும் நாளில் நா தடுமாறாத செல்வமே செல்வம். அத்தகைய செல்வத்தை நம் இல்லங்களுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக!