காமர்ஸ் மாணவனுக்கு ஆர்.என்.ஏ எதற்கு?

"நீ பி.காம். உனக்கு எதுக்குடா இந்த ஆர்.என்.ஏ, நானோ எல்லாம்?" போன வாரம் கேன்டீனில் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். பயாலஜி பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததே இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, இதில் பாதிதான் அறிவியல், மீதிப் பாதி காஸ்ட் அக்கவுண்டிங் என்று தோன்றுகிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் புரதம் செய்யும் ஒரு பட்டறை. என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் நகல்தான் எம்.ஆர்.என்.ஏ. வெளியிலிருந்து நாமே ஒரு நகலை அனுப்பினால், வேண்டிய புரதத்தை செல்லே செய்து கொடுத்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆர்.என்.ஏ.வை வெறுமனே ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் இருக்கும் நொதிகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். தப்பித்தாலும் செல்லுக்குள் நுழையாது. அதனால் கொழுப்பால் ஆன ஒரு குட்டி உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

இன்னொரு வகை இதைவிட சுவாரசியம். இதில் டி.என்.ஏ கடிதம் இல்லை, செங்கல். டி.என்.ஏ இழைகள் தம் ஜோடியைத் தாமே தேடி ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணத்தை வைத்து பெட்டி, குழாய், கருவி என்று கட்டுகிறார்கள். இதில் உலக அளவில் பேர் வாங்கிய யமுனா கிருஷ்ணன் பி.எஸ்சி படித்தது நம்ம சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில். 2009ல் பெங்களூரில் அவர் குழு செய்த டி.என்.ஏ கருவி, உயிருள்ள செல்லுக்குள் போய் அங்கே அமிலத்தன்மை எவ்வளவு என்று அளந்து சொன்னது. 2013ல் பட்நாகர் விருது. 2014ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மூளை நம் ஊரில் படித்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பட்டறையும் நம் ஊரில்தான் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது என் சப்ஜெக்ட். இந்த மருந்துகளின் விலை எவ்வளவு?

பாட்டிசிரான் என்று ஒரு மருந்து. பரம்பரையாக வரும் ஓர் அரிய நோய்க்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல்லீரல் செய்யும் கெட்ட புரதம் நரம்பிலும் இதயத்திலும் படிவதுதான் அந்த நோய். கொழுப்பு உருண்டைக்குள் போகும் சிறு ஆர்.என்.ஏ அந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைத்துவிடும். அருமையான மருந்து. அறிமுகமானபோது பட்டியல் விலை வருஷத்துக்குச் சுமார் 4.5 லட்சம் டாலர்.

மறுபக்கம், ஜைடஸ் நிறுவனத்தின் ஜைகோவ்-டி. 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற, மனிதர்களுக்கான உலகின் முதல் டி.என்.ஏ தடுப்பூசி. மத்திய அரசு ஒரு கோடி டோஸுக்கு ஆர்டர் கொடுத்தது. ஊசியில்லாக் கருவியோடு சேர்த்து, வரி நீங்கலாக, ஒரு டோஸ் 358 ரூபாய்.

அது அரிய நோய் மருந்து, இது தடுப்பூசி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் பாடம் ஒன்றுதான். இந்த மருந்துகளில் ஆராய்ச்சி, சோதனை, தொழிற்சாலை என்று நிலையான செலவுதான் மலை. அந்த மலையை எத்தனை பேர் தலையில் பிரித்து வைக்கிறோம் என்பதில்தான் விலை இருக்கிறது. அரசாங்கம் மொத்தமாக வாங்கினால் 358. சிலருக்கு மட்டும் விற்றால் லட்சக்கணக்கில் டாலர்.

சரி, பட்டறைக்கு வருவோம். 2021 மே மாதம். அப்பா இரண்டாவது டோஸுக்காக தாம்பரம் பக்கத்தில் மூன்று நாள் அலைந்தார். காலை ஆறு மணிக்கே வரிசை. "ஸ்டாக் இல்லை சார், நாளைக்கு வாங்க." மூன்றாவது நாள் திரும்பி வந்தவர் ஒன்றும் பேசாமல் வாசலில் செருப்போடு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதே நேரம், இங்கிருந்து செங்கல்பட்டு லோக்கல் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், 100 ஏக்கரில் ஒரு தடுப்பூசி வளாகம் சும்மா நின்றது. எச்.எல்.எல் பயோடெக் என்ற மத்திய அரசு நிறுவனத்துடையது. 2012ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆனது. அந்த மே மாதம் அங்கிருந்து ஒரு குப்பி கூட வெளியே வரவில்லை. மாநில அரசு குத்தகைக்குக் கேட்டது. அந்த வருஷம் அது நடக்கவில்லை.

"594 கோடி போட்டாச்சே, அதுக்காகவாவது ஓட்டணும்" என்று நான் சொல்ல மாட்டேன். அது சங்க் காஸ்ட். போன பணத்தை வைத்து முடிவு எடுக்கக்கூடாது என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நான் கேட்பது வேறு. இனிமேல் போடும் பணத்துக்கு என்ன கிடைக்கும்? எம்.ஆர்.என்.ஏ.வில் நல்ல விஷயம், நோய் மாறினால் தொழிற்சாலையையே மாற்ற வேண்டியதில்லை. எழுத்து வரிசையை மாற்றினால் பெரும்பாலும் அதே இயந்திரங்கள் போதும். இப்படிப்பட்ட ஒன்றை அரசு கையில் வைத்திருப்பது தீயணைப்பு வண்டி வைத்திருப்பது மாதிரி. தீ பிடித்த பிறகு டெண்டர் விட முடியாது.

"அரசாங்கத்துக்கு இதெல்லாம் வராதுப்பா" என்பீர்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 2008ல் கிண்டி பி.சி.ஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி மூன்றுக்கும் தரம் போதவில்லை என்று உரிமம் நிறுத்தப்பட்டது. 2010ல்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் வேறு உதாரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் கேப் டவுனில் ஒரு சிறிய நிறுவனம், வெளியான தகவல்களை மட்டும் வைத்து 2022 தொடக்கத்திலேயே எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியை ஆய்வக அளவில் செய்து காட்டியது. நம் புனேயின் ஜெனோவா அதே வருஷம் ஜூனில் அனுமதி பெற்ற எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிக்கு சாதாரண ஃபிரிட்ஜின் 2 முதல் 8 டிகிரி போதும். அதற்கு மத்திய அரசின் நிதியும் இருந்தது. ஆக, முடியாதது இல்லை.

கடைசியாக ஒன்று. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தினமும் கடக்கிறோம். அந்தப் பெயரே 1928ல் டாக்டர் சவரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. 1968ல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து பி.சி.ஜி தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று உலகம் தெரிந்துகொண்டது நம் மாவட்டத்துக்காரர்கள் நீட்டிய கையால்தான். 2023ல் ஜெர்மனியின் பயோஎன்டெக் காசநோய்க்கான எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. அது ஜெயிக்குமா என்பது விஞ்ஞானிகள் கவலை. ஜெயித்தால் என்ன விலை, யார் செய்வார்கள், வரிசையில் நாம் எத்தனையாவது ஆள் என்பது நம் கவலை.

கையை நீட்டிய ஊர், மருந்துக்கும் கையேந்தி நிற்கக்கூடாது. அதற்காகத்தான் ஒரு பி.காம் பையன் ஆர்.என்.ஏ பற்றி எழுதுகிறேன். போதுமா நண்பா?