மறுப்பா? மறுக்காவா?

அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. "தங்கள் மனு மறுபரிசீலனை செய்யப்படும்" என்று அதில் எழுதியிருக்கிறது. பேரன் படித்துக் காட்டுகிறான். "அப்போ, மறுத்துட்டாங்களா கண்ணு?" என்று பாட்டி கேட்கிறாள்.

பாட்டி மீது தப்பில்லை. 'மறு' என்ற இரண்டு எழுத்து அப்படிப்பட்டது! மறுத்தல் என்றால் முடியாது என்று சொல்வது. மறுநாள் என்றால் அடுத்த நாள். கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போகிறார்கள்.

மறுபரிசீலனையில் வரும் 'மறு'வுக்கு மறுபடியும் என்று பொருள். பரிசீலனை வடமொழிச் சொல். கவனமாக ஆராய்வது என்று அர்த்தம். ஆக, செய்த முடிவை மீண்டும் ஆராய்ந்து பார்ப்பதுதான் மறுபரிசீலனை. சேலம், நாமக்கல் பக்கத்தில் இதையே, "மறுக்கா ரோசனை பண்ணுங்க" என்பார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பாட்டிக்கும் புரியும்.

பரீட்சை எழுதிய பிள்ளைகளைக் கேளுங்கள். மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு என்பார்கள். மறுகூட்டலில், போட்ட மார்க்குகளைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில், விடைத்தாளையே திரும்பப் படித்துத் திருத்துவார்கள். நம் அலுவலகங்களில் நடக்கும் மறுபரிசீலனை பெரும்பாலும் வெறும் மறுகூட்டல்தான். அதே கட்டு, அதே குறிப்பு, அதே பதில்!

ராஜாஜியின் கதை

பெரிய மனிதர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1937-ல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

மறு ஆண்டு, 1938-ல், 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். எதிர்ப்புக் கிளம்பியது. மறியல் நடந்தது. பெரியார் சிறைக்குப் போனார். சிறைத் தண்டனை அனுபவித்த நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். அப்போதும் உத்தரவு மாறவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், உலகப் போரையொட்டி காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. அதற்குப் பிறகு 1940 பிப்ரவரியில்தான் கவர்னர் எர்ஸ்கின் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தன. இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழி ஆகக்கூடாது என்று ஒரு குரல் உரக்க ஒலித்தது. யார் குரல்? அதே ராஜாஜியின் குரல்! பள்ளிப் பாடம் வேறு, ஆட்சிமொழி வேறு என்று அவருக்காகப் பேசுவோர் உண்டு. அரசியலுக்காக மாறினார் என்று ஏசுவோரும் உண்டு. மாறியதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். விடைத்தாளைத் திரும்பப் படித்த மனிதர் அவர். ஆனால் அதை 1938-லேயே படித்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. பின்னால் வந்த யோசனையால் தாளமுத்துவுக்கும் நடராசனுக்கும் என்ன பயன்?

"சொன்ன சொல்லை மாற்றலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கொடுத்த வாக்கு வேறு, கொண்ட கருத்து வேறு. வாக்கு இன்னொருவருக்குப் பட்ட கடன். அதைத் தீர்த்தே ஆகவேண்டும். கருத்து நம்முடைய சொந்தச் சரக்கு. அதைப் பிரித்துப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

வீட்டுக்குள் வருவோம். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, "பன்னிரண்டோடு படிப்புப் போதும்" என்று சொல்லிவிடுகிறார். மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிறாள். மூன்றாம் நாள் அருகில் வந்து, "ஏனுங்கப்பா, மறுக்கா ஒரு ரோசனை பண்ணுங்களே" என்கிறாள். அவர் செலவுக் கணக்கையே திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "முடியாது கண்ணு" என்கிறார். அது மறுகூட்டல். பெண் கேட்டது அதுவல்ல. அவள் மார்க் என்ன, என்ன படிக்க ஆசைப்படுகிறாள், உதவித்தொகைக்கு வழி உண்டா என்று அவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலேஜ் விண்ணப்பத்துக்கோ கடைசித் தேதி நெருங்குகிறது.