ஆத்தாள் ஏன் இரண்டாந்தரம் வருவதில்லை?

நமது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூமியில் மழை தவறினாலும் தவறும். வெய்யில் காலத்தில் ஏதாவதொரு தெருவாசலில் வேப்பிலை செருகுவது தவறாது. பிள்ளைக்கு உடம்பு காய்ந்து கொப்பளம் கண்டால் "நோய் வந்திருக்கிறது" என்று சொல்லவும் நம்மவர்களுக்குப் பயம். "ஆத்தாள் வந்திருக்கிறாள்", "முத்துப் போட்டிருக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் போனால் ஆத்தாள் கோபித்துக் கொள்வாளாம். ஊசி போட்டால் உயிரையே வாங்கி விடுவாளாம். ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்கு மூன்று தண்ணீர் விட்டு, பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டால், "ஆத்தாள் இறங்கி விட்டாள்" என்று தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கப் புறப்பட்டு விடுகிறோம். பிள்ளை செத்துப் போனாலோ "ஆத்தாள் கொண்டு போய்விட்டாள்" என்கிறோம். பிழைத்தாலும் அவளுக்கே பெயர். செத்தாலும் அவளுக்கே பெயர். இப்படிப்பட்ட வழக்கில் அவள் தோற்பதற்கு இடமேது?

நாம் இதில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். ஒரு தரம் அம்மை கண்ட உடம்புக்கு அதே அம்மை பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நமது பாட்டிமார்களுக்கே தெரியும். கி.மு. 430-ல் ஏதென்ஸ் நகரில் கொள்ளை நோய் கண்டபோது, அதில் பிழைத்தவர்களே பயமில்லாமல் நோயாளிகளைப் பார்த்துக் கொண்டார்கள் என்று துசிடிடீஸ் என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால், வருஷந்தோறும் கூழுக்கும் கிடாவுக்கும் தவறாமல் வருகிற ஆத்தாள், ஒரே உடம்பில் இரண்டாந்தரம் இறங்க ஏன் கூசுகிறாள்? பாவத்துக்குத் தண்டனை என்றால், ஒரு தரம் அம்மை வார்த்தவன் அதற்குமேல் பாவமே செய்வதில்லையா? பூசாரியைக் கேட்டால் பதில் வராது. நமது ரத்தத்தைக் கேட்டால் வரும்.

தோழர்களே! கருவேலங்காட்டில் விறகு வெட்டும்போது காலில் முள் தைத்து உள்ளேயே முறிந்து போகிறது. என்ன நடக்கிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. பிறகு சீழ் கட்டுகிறது. தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. இவ்வளவும் கெட்ட காற்றல்ல, கண்ணேறுமல்ல. 1882-ல் மெச்னிகாப் என்ற ருஷ்ய சாஸ்திரி, சிசிலித் தீவில், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக் கூடிய நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அசையும் அணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. நமது ரத்தத்திலும் அப்படிப்பட்ட வெள்ளை அணுக்கள், ஒரு துளிக்குச் சில லட்சம் இருக்கின்றன. கிருமி நுழைந்த இடத்துக்கு ஓடிப்போய் அதை விழுங்குகின்றன. விழுங்கிவிட்டுத் தாமும் மடிகின்றன. நாம் அருவருத்துத் துடைத்தெறிகிற சீழ், பெரும்பாலும் நமக்காகச் செத்த அந்தக் காவல்காரர்களின் பிணக் குவியலே. இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவல் மூன்று கட்டாக இருக்கிறது. முதலாவது வேலி: தோல், மூக்குச்சளி, கண்ணீர், உமிழ்நீர், வயிற்றிலுள்ள புளிப்பு நீர். இரண்டாவது, மேலே சொன்ன வெள்ளை அணுக்களும் காய்ச்சலும். காய்ச்சல் ஆத்தாளின் கோபமல்ல; பல கிருமிகள் பெருகுவதைத் தடுக்கவும் காவல் அணுக்களை முடுக்கிவிடவும் உடம்பு தானே மூட்டுகிற சூடு. மூன்றாவதுதான் நமது கேள்விக்குப் பதில். வந்த கிருமியின் சாடையை அடையாளம் பிடித்து, அதற்கென்றே பொருத்தமான எதிர்ப்பொருளைச் செய்கிற அணுக்கள் சில உண்டு. முதல் தரம் இந்த வேலை ஒப்பேற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கிருமி முந்தினால் ஆள் காலி. உடம்பு முந்தினால் ஆள் பிழைத்தான். பிழைத்த பிறகும் அந்த அணுக்களில் சில, பல வருஷம், சில நோய்களில் ஆயுள் முழுவதும், அந்தச் சாடையை மறவாமல் காத்திருக்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் வாசற்படியிலேயே பிடிபடுகிறது. ஆத்தாள் இரண்டாந்தரம் வராத ரகசியம் இதுதான்.

சின்னம்மைக் கிருமி மட்டும் போகிறபோது முழுவதும் போவதில்லை. நரம்பின் வேரில் ஒளிந்து கிடக்கிறது. வயதாகிக் காவல் தளர்ந்தால் அக்கியாகக் கிளம்புகிறது. நாமோ செங்காவியால் அக்கி எழுதப் போகிறோம். எழுத்தைப் படித்துப் பார்த்துப் பயந்தோடக் கிருமிக்குக் கல்வி இருக்கிறதா?

ஏழாம் நாள், ஒன்பதாம் நாள் தண்ணீர் விட்டதும் ஆத்தாள் இறங்குவதன் சூட்சுமமும் இப்போது விளங்கும். அந்த நாள் கணக்கு உடம்பு தன் வேலையை முடிக்கிற நாள் கணக்கு. உழுகிறவன் ஒருவன், விளைச்சலை அளந்துகொண்டு போகிறவன் வேறொருவன் என்பது இந்த நாட்டில் நிலத்தில் மட்டுந்தானா, உடம்பிலுமா?

"உடம்பே காக்குமானால் ஊசி எதற்கு?" என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்கிறார்கள். திருடன் வருமுன்பே அவன் அடையாளத்தைக் காவல்காரனுக்குச் சொல்லி வைப்பதுதான் ஊசி. 1796-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி இங்கிலாந்தில் ஜென்னர், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கைப்புண்ணிலிருந்து எடுத்த பாலை எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் கீறி வைத்தார். பிறகு பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் அவனுக்கு நோய் காணவில்லை. 1802-ல் அது பம்பாய் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து இன்னொரு குழந்தைக்கு வைப்பார்கள். "எந்தச் சாதிப் பிள்ளையின் கையில் எடுத்தது?" என்று கேட்டு மறுத்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். பெரியம்மையோ யாரையும் சாதி கேட்டு வரவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதியவரும், 1819-ல் நமது இராமநாதபுரத்திலேயே இறந்தவருமான எல்லிஸ் துரை, இந்த வைதீகர்களைச் சம்மதிக்கச் செய்ய, அம்மைப்பாலைப் பற்றி வடமொழியில் தாமே பாட்டெழுதிப் பழங்காகிதத்தில் ஏற்றிப் பழைய ஏடுபோல் உலவவிட்டார் என்று அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். உயிரைக் காக்கிற உண்மைக்கும் பழமை என்ற பொய் வேஷம் கட்டினால்தான் இந்த நாட்டில் மரியாதை! இன்று "தடுப்பூசி எங்கள் முன்னோர் கண்டது" என்று சுலோகத்தைக் காட்டுகிறவர்கள், அந்தச் சுலோகம் எங்கே பிறந்தது என்று விசாரிப்பது நல்லது.

பெரியம்மை கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர் செத்தார்கள். தப்பியவர்கள் முகம் குழிந்தார்கள். பலர் கண் இழந்தார்கள். கிண்டியில் 1899-ல் ஏற்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பிற்று. 1975-ம் வருஷம் மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்தது. யாரும் மாரியம்மன் கோவிலை இடிக்கவில்லை, பொங்கலும் நிற்கவில்லை. ஆத்தாள் இருக்கிறாள், அவள் போட்ட முத்தைக் காணோமே! பல நூறு வருஷப் பொங்கலால் ஆகாதது அம்மைப்பால் குத்தினதால் ஆயிற்றா, இல்லையா?

ஆனால் தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. அது மற்ற அம்மைகளைவிட மோசமான ஒரு துரோகம் செய்கிறது. உடம்பு அதுவரை பிடித்துவைத்த மற்றக் கிருமிகளின் அடையாளங்களையும் அழித்துவிடுகிறது. தடுப்பூசி போடாத பிள்ளைகளைச் சோதித்ததில், தட்டம்மைக்குப் பிறகு அவர்களுடைய எதிர்ப்பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்கு வரை போய்விட்டிருந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். அதனால்தான் ஆத்தாள் இறங்கின பிறகும் பிள்ளை சளியிலும் பேதியிலும் விழுகிறது. வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கண்ணும் போகிறது. நாமோ பால் கூடாது, முட்டை கூடாது என்று பட்டினி போட்டுவிட்டு, கண் கெட்ட பிறகு இருக்கன்குடிக்குப் போய் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறோம். போன கண்ணுக்கு வெள்ளிக்கண் ஈடாகுமா?

2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வந்தபோது, செல்போனில் பரவிய புரளியை நம்பிப் பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோர் படித்தவர்களிலேயே இருந்தார்கள். ஆத்தாள் பெயரைச் சொன்னால் என்ன, வாட்ஸ்அப் பெயரைச் சொன்னால் என்ன, விசாரியாமல் நம்புகிற புத்தி ஒன்றுதான்.

வாசலில் வேப்பிலை செருகுவதை நாம் முழுதும் குற்றம் சொல்லவில்லை. அது கண்டு அயலார் உள்ளே வராமல் நிற்பது நல்ல காரியமே. அந்த நன்மை அயலார் விலகி நிற்பதால் வருவது, ஆத்தாளால் அல்ல. நோயாளியைத் தனியே வையுங்கள், நன்றாய்க் குளிப்பாட்டுங்கள், வயிறாரக் கொடுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தட்டம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் ஏ கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்றும், ஒன்றரை வயதையொட்டி ஒன்றுமாகத் தட்டம்மை ஊசி அரசாங்க சுகாதார நிலையங்களில் காசில்லாமல் போடுகிறார்கள். தீச்சட்டிக்கு ஆகிற செலவில் கால் பங்குகூட அதற்கு ஆகாது. பஸ் சத்தம் மட்டுந்தான்.

உங்கள் பிள்ளையின் ரத்தத்தில் லட்சோப லட்சம் காவல்காரர்கள் இரவு பகலாய் நிற்கிறார்கள். அவர்கள் கிடா கேட்கவில்லை. திருடனின் அடையாளத்தை முன்கூட்டிச் சொல்லச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு ஆத்தாளைக் குறைசொல்லிப் பிரயோசனமில்லை.