வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நண்பர் வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் மதிய இடைவேளையில் அவன் பள்ளிக் கழிப்பறைக்குள் இருந்தபோது, கூடப் படிக்கும் நான்கு பேர் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். மிஞ்சிப் போனால் மூன்று நிமிடம் இருக்கும். கதவைத் திறந்தபோது அவன் சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சுவரோரமாகக் குந்தியிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. மறுநாள் காலை வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. விஷயம் ஆசிரியர் வரை போனது. “விளையாட்டுக்குச் செஞ்சதுக்கு இவ்வளவு பயமா? ஆம்பளப் பையன் தைரியமா இருக்க வேண்டாமா?” என்று கேட்டதோடு விசாரணை முடிந்தது.

வீட்டில் அவன் எதையும் சொல்லவில்லை. திங்கள்கிழமை காலையானால் வயிற்றுவலி வந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். “என்னடா ஆச்சு?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் “ஒண்ணுமில்லம்மா” என்பான். இரண்டு மாதம் கழித்து, ஒரு மனநல மருத்துவரிடம் நான்காவது முறை போனபோதுதான் வாய் திறந்தான். ஆறு வயதில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன நாட்களில் அவனைப் பார்த்துக்கொண்ட உறவினர், சேட்டை செய்தால் ஸ்டோர் ரூமில் தள்ளி வெளியே தாழ் போட்டுவிடுவாராம். “அம்மாகிட்ட சொன்னே, ராத்திரியும் உள்ளதான்” என்று மிரட்டியும் வைத்திருக்கிறார். பையன் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

பதின்வயதில் நடக்கும் கொடுமையை அந்த வயதோடு நிறுத்திப் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்த நான்கு பேருக்கு அது வெறும் கதவு. அவனுக்கோ தாழ்ப்பாள் விழுந்த சத்தத்திலேயே ஸ்டோர் ரூம் திரும்பி வந்துவிட்டது. சிறு வயது அச்சம் ஒரு கதையாக மனதில் தங்குவதைவிட, சத்தமாகவும் வாசனையாகவும் இருட்டாகவும்தான் தங்குகிறது. அதை எது தூண்டினாலும் மூளை யோசிக்கும் முன்பே உடம்பு நடுங்கிவிடும். கோழைத்தனம் என்று ஆசிரியர் நினைத்தது இதைத்தான். புதைந்த நினைவு என்று நாம் சொன்னாலும், அவன் எதையும் மறந்திருக்கவில்லை. சொல்ல வழியில்லாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1980-களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடைக் குறைப்புச் சிகிச்சை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவரைக் குழப்பியது. உட்கார வைத்துப் பேசியபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய ஆய்வு நடத்தினார். 1998-இல் வந்த அதன் முதல் கட்டுரை, பிள்ளைப் பருவத் துயரங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதயநோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டியது. முடிவைவிட அது தொடங்கிய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மருத்துவர் கேட்டார், அதனால் சொன்னார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வின் கேள்விகள் பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்ததைப் பற்றியவை. சக மாணவர்கள் இழைக்கும் கொடுமை பட்டியலில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பின்னாளில் வாதிட்டார்கள்.

நம் பேச்சிலும் அதற்கு இடமில்லை. ‘கலாய்க்கிறது’, ‘ஓட்டுறது’, ‘சும்மா வம்பு’ என்று எல்லாமே சின்ன வார்த்தைகள். ராகிங் என்றால் கல்லூரி நினைவுக்கு வரும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமே கொண்டுவந்தது. பள்ளி வகுப்பறையில் நடந்தால் மட்டும் “பசங்கன்னா அப்படித்தான்” என்கிறோம். நார்வேயில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்று தெரிந்ததும், அடுத்த ஆண்டே அந்நாட்டு அரசு பள்ளிகளில் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வேயஸ் வகுத்த திட்டம் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் திருத்தப் பார்க்கவில்லை, பள்ளியைத் திருத்தியது. ஃபின்லாந்தின் ‘கிவா’ திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களிடம் பேசியது. கொடுமை செய்பவனுக்குத் தீனி போடுவது சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான். அன்று கழிப்பறை வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாரும் விசாரிக்கவே இல்லை.

“வாயைத் திறந்து சொல்லு” என்று பிள்ளைக்கு அறிவுரை சொல்வது எளிது. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதை நாங்குநேரியில் நடந்தது நமக்குக் காட்டியது. சக மாணவர்களின் சாதிய வன்கொடுமை தாங்காமல் அங்கே ஒரு பட்டியலின மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். விசாரித்தபோது சொன்னார், புகாரும் கொடுக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிள்ளையைப் பேசவைத்துவிட்டுப் பாதுகாப்பில்லாமல் விடுவது, பேசாமல் இருந்தவனையும் நிரந்தரமாக ஊமையாக்கும்.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500-க்கு மேல் மாணவர்கள் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில், ராகிங், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிக்கப் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத ஒரு பெரியவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும். சொல்லப்பட்டதைக் காப்பாற்றவும், சொன்னவனைக் காப்பாற்றவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அரசு அந்த இடங்களை உருவாக்கி நிரப்பட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘ஒண்ணுமில்ல’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். “திருப்பி அடிச்சிட்டு வா” என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நாளையும் உட்காருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை, இரவிலும் பேசலாம்.

நண்பர் தன் வீட்டில் எல்லா அறைகளின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளையும் ஸ்குரூடிரைவர் எடுத்துத் தன் கையாலேயே கழற்றிவிட்டார். பள்ளிக் கழிப்பறைக் கதவில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.