அறுக்க வேண்டாம் என்பதற்கு முன்

தோட்டத்தில் ஒருவர் திடீரென்று மாண்டுபோனால், நம் மக்கள் வாயிலிருந்து முதலில் வருவது "அறுக்கக் கொடுக்காதீர்கள்" என்ற சொல்தான். துக்கத்தில் எழும் அச்சொல்லை நாம் பழிக்கவில்லை. பெற்ற பிள்ளையின் உடலைக் கத்திக்கு ஒப்படைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் "நெஞ்சுவலி" என்று ஒரு வார்த்தை எழுதி, அன்று மாலையே சிதையில் வைத்துவிட்டால், அக்குடும்பத்தின் வழக்கும் அதோடு எரிந்துபோகிறதே! செக்ரோலில் ஒரு பெயரை அடித்துவிடுவது கிராணிக்கு ஒரு நிமிட வேலை. விதவைக்கு அப்படியல்ல.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையால் நேர்ந்த மரணத்துக்கு, சோக்சோவில் பதிந்த தொழிலாளியின் குடும்பத்தார் உதவித்தொகை கோரலாம். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். ஆகவே எதனால் இறந்தார், எப்பொழுது இறந்தார் என்ற இரண்டு கேள்விகளும் அடுப்பெரிவதைப் பொறுத்தவை. நிரையில் மரத்தடியில் கிடப்பவரைக் கொன்றது மின்னலா, பாம்பா, இருதய நோயா? மின்னல் சில சமயம் தோலில் பெரணி இலை போன்ற சிவந்த கோடுகளை விடும். அதுவும் சீக்கிரமே மறைந்துவிடும். இருதயக் குழாய் அடைத்திருந்ததா என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். விஷமென்றால் இரத்தமும் ஈரலும் ரசாயனச் சோதனைக்குப் போக வேண்டும்.

நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? உயிர் போனபின் உடல் மெல்லக் குளிர்கிறது; நம் நாட்டு உஷ்ணத்தில் இன்னும் மெதுவாக. சில மணி நேரத்தில் தாடை விறைத்து, பிறகு உடல் முழுதும் விறைக்கிறது. வெப்பத்தில் அந்த விறைப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். இரத்தம் கீழ்ப்பாகத்தில் இறங்கித் தேங்கி, ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரத்தில் அவ்விடத்திலேயே நிலைத்துவிடும். நிறம் முதுகில் படிந்திருக்க, உடல் குப்புறக் கிடந்தால், யாரோ பிரேதத்தைப் புரட்டியிருக்கிறார்கள். நேர்மையான டாக்டர் எவரும் "சரியாக 7.20" என்று சொல்லமாட்டார், அது சினிமா. இந்த மணிக்கும் அந்த மணிக்கும் இடையில் என்றே சொல்வார். தாமதம் ஆக ஆக அந்த இடைவெளி அகன்றுகொண்டே போகும்.

ஒரு பரிசோதனையோடு எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் மாண்ட குகன் விஷயத்தில், நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பரிசோதனை. குடும்பத்தார் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிபட்ட காயங்களைப் பட்டியலிட்டது. 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடல் முதல் நாளே எரிந்திருந்தால் இரண்டாவது பரிசோதனைக்கு இடமேது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328ஆம் பிரிவும் மரணக் காரணத்தை நோயின் பெயரோடு நிறுத்தவில்லை. மரணம் எவ்விதம் நேர்ந்தது, எவருடைய சட்டவிரோதச் செயலாவது அதைத் துரிதப்படுத்தியதா என்றும் கேட்கிறது. அறுத்த உடலைத் தைத்துத்தான் கொடுப்பார்கள், சடங்குக்குத் தடையில்லை.

கிளைக் காரியதரிசிகள் கவனிக்க: உடலை முதலில் கண்ட மணியையும், கிடந்த நிலையையும், கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார் என்பதையும் உடனே எழுதிவையுங்கள். போலீஸ் வருமுன் குளிப்பாட்ட விடாதீர்கள். உடுத்திய துணியும், அருகிலிருந்த மருந்து டின்னும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். "சீக்கிரம் எடுங்கள்" என்று மண்டோர் அவசரப்படுத்தினால், அந்த மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகல் கேட்டு, வாரிசின் கையெழுத்தோடு எழுத்துமூலம் மனுக் கொடுங்கள்.